சுருட்டின் தரம் காணல்

பொருள்களின் தரத்தை ஆராய்ந்து மதிப்பிடும் கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. நெல்மணியைப் பல்லாற் கடித்து அதன் ஈரத்தை அறிபவரும், தேங்காயைச் சுண்டிப் பார்த்து அதன் முற்றலை அறிபவரும், மிளகை உள்ளங்கையில் அள்ளி அதன் பாரத்தை உணர்பவரும் நம்மிடையே பலர் உளர். கொழும்பு மாநகரிலே 1883ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலை ஏலம், சுவைஞர் எனப்படும் வல்லுநரின் நாவையே துலாக்கோலாகக் கொண்டு வளர்ந்தது. வரிசையாக வைக்கப்பட்ட கிண்ணங்களிலிருந்து கரண்டியளவு வடிநீரை அவர் ஓசையெழ உறிஞ்சுவார், நாவிலே புரட்டுவார், உடனே உமிழ்ந்துவிடுவார். அந்தச் சில நொடிகளுக்குள் ஒரு தோட்டத்தின் ஒரு கிழமை உழைப்புக்கு விலை தீர்ந்துவிடும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அத்தகைய மதிப்பீட்டைப் பற்றியதே. ஆயின், பொருள் தேயிலையன்று, சுருட்டு. ‘வானொலியிலே சுருட்டைப் பற்றிப் பேசுவதா?’ என்று வியப்படைவோர் இருக்கலாம். புகைத்தலைப் புகழ்வது என் நோக்கமன்று. ஒரு தொழிலின் நுட்பம் எத்துணை ஆழமானது என்பதையும், அந்நுட்பத்துக்கு மனிதன் செலுத்தும் விலை யாது என்பதையும் ஒருங்கே எடுத்துரைப்பதே என் கருத்து. இறுதிவரை கேட்டபின் நேயர்களே தீர்மானிப்பீர்களாக.

கண்டியிலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ ஒன்பது எனும் பெருந்தெரு மாத்தளை நகரினூடாகவே செல்கின்றது. தெருவின் இருமருங்கும் கறுவா, கராம்பு, சாதிக்காய், ஏலம், மிளகு, கொக்கோ என்று வாசனை கமழும் தோட்டங்கள் நிறைந்த வளநாடு அது. முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்விழாவைக் காணச் சென்ற நேயர்கள் பலர் அந்நகரை அறிந்திருப்பீர்கள். முற்காலத்தில் யாழ்ப்பாணத்து வணிகர் தென்னிலங்கை நகரங்கள் பலவற்றிலும் கடை திறந்தனர். அரிசி, பருப்பு, மிளகாய் முதலியன விற்றபோதிலும் அக்கடைகளுக்குச் ‘சுருட்டுக்கடை’ என்ற பெயரே நிலைத்தது. தமிழர் மட்டுமன்றிச் சிங்கள மக்களும் அப்பெயராலேயே அவற்றை அழைத்தனர். மாத்தளையிலும் அத்தகைய கடைகள் இருந்தன.

அவற்றுள் ஒன்றின் உரிமையாளர் எனக்கு நெடுநாட் பழக்கமானவர். எண்பது வயதை நெருங்கிய பெரியவர். அவருடைய தந்தையார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கடை வைத்தவர். இன்று அக்கடையிலே சுருட்டு இல்லை, பலசரக்கே விற்கப்படுகின்றது. ஆயினும் சுருட்டின் தரம் காண்பதில் அவருக்கிருந்த திறமையை அறிந்தோர் இன்றும் அந்நகரில் இருக்கிறார்கள்.

சில காலத்துக்கு முன் கனடாவிலிருந்து அவருடைய சகோதரியின் மகன் விடுமுறையில் வந்திருந்தார். வரும்போது கியூபா நாட்டுச் சுருட்டுப் பெட்டியொன்றைக் கொண்டுவந்தார். அது சாதாரணப் பெட்டியன்று. ஓராண்டுக்கென மட்டும் அளவாகச் செய்து வெளியிடப்படும் சிறப்புப் பதிப்பு. “மாமா, இதற்குப் பெருந்தொகை கொடுத்தேன். கொடுத்த காசுக்கு இது தகுமா என்று நீங்கள்தான் சொல்லவேணும்” என்றார் அவர். பெரியவர் சிரித்துவிட்டு எனக்கு ஆளனுப்பினார். அவ்வாறு நான் கண்ட மூன்று மாலைப்பொழுதுகளின் செய்தியே இப்பேச்சுக்கு அடிப்படை.

மதிப்பீட்டைப் பற்றிக் கூறுமுன் சுருட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492ஆம் ஆண்டில் கொலம்பஸின் கூட்டத்தார் அங்குள்ள மக்கள் உலர்ந்த இலையைச் சுருட்டிப் புகைப்பதைக் கண்டனர். பின்னர் ஐரோப்பியக் கப்பல்கள் அதனை உலகெங்கும் பரப்பின. ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. ஆங்கிலேயர் தம் மொழியில் ‘செரூட்’ என்று வழங்கும் சொல், நமது ‘சுருட்டு’ என்னும் சொல்லின் திரிபேயாகும். பொருள் மேற்கிலிருந்து வந்தது; அதன் பெயரொன்று கிழக்கிலிருந்து மேற்கே சென்றது.

தமிழகத்துத் திருச்சிராப்பள்ளிச் சுருட்டும் உலகப் புகழ் பெற்றது. உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டுத் தொழில் செழித்திருந்தது. திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூரில் 1948ஆம் ஆண்டு சுருட்டுப் புகையிலைக்கெனவே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. ஆங்கில எழுத்தாளர் கொனன் டொயில் 1887ஆம் ஆண்டில் வெளியிட்ட கதையில், துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸ் ஒரு கொலை நிகழ்ந்த வீட்டிலே சிந்திக்கிடந்த சாம்பலைச் சேகரிக்கிறார். கருநிறமும் செதில் செதிலாக உதிரும் தன்மையும் கொண்ட அச்சாம்பல் திருச்சிராப்பள்ளிச் சுருட்டினுடையதே என்று தீர்மானிக்கிறார். கதையேயாயினும் அதற்குள் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. இலை வளர்ந்த மண்ணின் சுவடு, அது எரிந்து சாம்பலான பின்னரும் அழிவதில்லை. மண்ணிலே மக்னீசியம் மிகுந்தால் சாம்பல் வெளுக்கும். பொட்டாசியம் மிகுந்தால் இலை நன்றாக எரியும். உப்பிலுள்ள குளோரின் இலையில் மிகுந்தால் நெருப்பு அடிக்கடி அணைந்துபோகும்.

இலை பதமாகும் முறையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். கியூபாவிலே இலைகளைக் கொட்டகையில் தொங்கவிட்டுக் காற்றிலே உலர்த்துகின்றனர். யாழ்ப்பாணத்திலோ தென்னம்பொச்சு முதலியவற்றை எரித்து அப்புகையிலே இலையைப் பதப்படுத்துவது வழக்கம். ஆதலின் யாழ்ப்பாணச் சுருட்டுக்கு நெருப்பு வைக்குமுன்னரே அதில் ஒருவகைப் புகைமணம் குடிகொண்டிருக்கும். மாத்தளை மாவட்டத்திலும் கலேவெல, தம்புள்ளைப் பகுதிகளில் புகையிலை பயிரிடப்படுவதுண்டு. ஆனால் அது சூடேற்றிய அறையிலே விரைவாக உலர்த்தப்பட்டுச் சிகரெட்டுக்குச் செல்லும் இலை. இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இதற்கு அவசியம் நேரும்.

உலர்ந்த இலையை அடுக்கடுக்காகப் போர் போட்டு வைப்பர். போருக்குள் வெப்பம் தானே எழும். எருக்குவியலின் உள்ளே கைவைத்தவர்கள் அவ்வெப்பத்தை அறிவார்கள். இலை வியர்த்து நொதித்து, தன்னிடமுள்ள நவச்சார வாடையைக் கழித்துவிடும். வெப்பம் மிகுந்தால் இலை கெடும். ஆதலின் போரைக் கலைத்து மறுபடி அடுக்குவர். இப்படிப் பதமான இலையைப் பின்னும் ஆண்டுக்கணக்கில் முதிர வைப்பதுண்டு.

இனி, சுருட்டின் அமைப்பு. உயர்ந்த சுருட்டொன்றில் மூன்று பகுதிகள் உள்ளன. நடுவே இருப்பது உள்ளிலை. அதனை இறுகப் பிணைப்பது கட்டிலை. புறத்தே போர்த்தப்படுவது மேலிலை. உள்ளிலையும் ஒரே வகையாக இராது. செடியின் அடியிலுள்ள இலை மெல்லியது, எளிதில் எரியும். நடுவிலுள்ளது மணமுடையது. வெயிலை நேரே வாங்கும் நுனியிலை தடித்தது. காரமும் நிக்கொட்டினும் மிகுந்தது. நுனியிலை மெதுவாக எரிவதால் அதனைச் சுருட்டின் நட்டநடுவில் வைத்து, மற்றவற்றைச் சுற்றிலும் அமைப்பர். மேலிலைக்கென வளர்க்கும் செடிகளுக்குக் கியூபாவிலே துணிப்பந்தலிட்டு நிழல் தருவர். அதனால் இலை அகன்று மெலிந்து நரம்பு தடிக்காமல் வளரும்.

இத்தனையும் ஓர் இயந்திரமும் இன்றிக் கையினாலேயே செய்யப்படுவன. கைக்கு வேலையிருந்தும் காதுக்கு வேலையில்லாத தொழில் ஆகையால், கியூபாவின் சுருட்டாலைகளில் 1865ஆம் ஆண்டு முதல் ஒருவர் மேடையில் அமர்ந்து செய்தித்தாளும் நாவல்களும் படித்துக் காட்டும் வழக்கம் தோன்றியது. அங்கே விரும்பிக் கேட்கப்பட்ட கதையொன்றின் பெயரே ‘மொன்டே கிறிஸ்டோ’ எனும் சுருட்டு வகைக்கு இடப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகையையும் கதைகளையும் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றினர். கடலாற் பிரிந்த இரு தீவுகளில் ஒரே தொழில் ஒரே வழக்கத்தை ஈன்றது வியப்பன்றோ! எழுத்தறியாத தொழிலாளி உலக நடப்பைத் தெளிவுற விவாதிக்கும் ஆற்றலை அக்கொட்டில்களிலே பெற்றான்.

சிறப்புப் பதிப்பு என்பது யாது? கியூபா நாட்டார் 2000ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் சில வகைகளை அளவாகச் செய்து, ஆண்டு பொறித்த கறுப்பும் பொன்னிறமுமான இரண்டாவது பட்டியொன்றைச் சுற்றி வெளியிடுகின்றனர். 2007ஆம் ஆண்டு முதல் இவற்றுக்கான இலை முழுவதும் குறைந்தது இரண்டாண்டுகள் முதிர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது விதி. மேலிலையும் செடியின் மேற்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டுக் கரும்பழுப்பு நிறமாக இருக்கும். ஆகவே சிறப்பு என்ற சொல்லுக்கு ஓரளவு உண்மையான பொருள் உண்டு. ஆயின் அருமை வேறு, தரம் வேறு. எண்ணிக்கையைக் குறைத்தாலே எப்பொருளுக்கும் விலை ஏறிவிடும். அவ்விலையைக் கண்ட மனம் நாவை ஏமாற்றிவிடும்.

பெரியவர் இதனை நன்கு அறிந்தவர். “பட்டியைக் கழற்றிப்போட்டு வாருங்கோ, தம்பி. பேர் தெரிந்தால் நாக்குப் பொய் சொல்லும்” என்று என்னிடம் கூறினார். மருமகனிடம் அதே நாட்டுச் சாதாரணச் சுருட்டொன்றும் இருந்தது. சிறப்புச் சுருட்டு இரண்டையும் சாதாரணச் சுருட்டு ஒன்றையும் வேறோர் அறைக்கு எடுத்துச் சென்று, பட்டிகளை நீக்கி, ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்ட தட்டங்களில் வைத்தேன். எந்த எண் எதற்குரியது என்பதை நான் மட்டும் தாளிற் குறித்துக்கொண்டேன். அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டு தொடங்கிய சுருட்டுப் பத்திரிகையொன்றும் இவ்வாறே பட்டி நீக்கி, தோற்றமும் செய்ந்நேர்த்தியும், எரியும் இயல்பு, சுவை, முடிவான கருத்து என்னும் நான்கு தலைப்புகளில் நூற்றுக்கு இத்தனை எனப் புள்ளியிடுகின்றது. பெரியவர் அப்பத்திரிகையைக் கண்டவரல்லர். ஆயினும் நேர்மையான சோதனைக்கு வழி எங்கும் ஒன்றுதான் போலும்.

முதலிற் கண்ணுக்கு வேலை. அவர் சுருட்டை யன்னலோரம் கொண்டுசென்று பகலொளியிலே திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலிலையின் நிறம் அடிமுதல் நுனிவரை ஒத்திருக்கிறதா, நரம்புகள் துருத்துகின்றனவா, மடிப்பு ஒரே சீராகச் சுழன்று ஏறுகின்றதா, இலையின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்று நோக்கினார். பளபளப்பு இலை உயிரோடிருப்பதற்கு அடையாளம். வறண்டு மங்கிய இலை மணத்தை இழந்துவிட்டது.

அடுத்து விரல்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே சுருட்டை வைத்து, கால் அங்குலத்துக்கு ஒரு தடவையாக மெல்ல அமுக்கிக்கொண்டே சென்றார். எங்கும் ஒரே நெகிழ்ச்சி இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் கட்டியாக இருந்தால் அங்கே இலை மிகுதியாகத் திணிக்கப்பட்டுவிட்டது, புகை வராது. ஓரிடத்தில் குழிந்தால் அங்கே இலை போதாது. நெருப்பு விரைந்தோடி வாய் சுடும். அமுக்கும்போது நொறுங்கும் ஓசை கேட்டால் ஈரம் போய்விட்டது என்று பொருள். பஞ்சுபோல் அமிழ்ந்து மீளாவிட்டால் ஈரம் மிகுந்துவிட்டது. காற்றில் நூற்றுக்கு 65 முதல் 70 வீதம் வரை ஈரப்பதம் நிற்கும் இடமே சுருட்டுக்கு உகந்ததென்பர். மழைக்கால மாத்தளையில் ஈரம் அதனிலும் மிகும், பூஞ்சணம் பிடிக்கும். பண்டு அவருடைய தந்தையார் சுருட்டுக் கட்டுகளை அடுப்படிச் சுவருக்கு அப்பாலுள்ள பெட்டகத்தில் வைத்துக் காத்தாராம்.

இரண்டாம் எண்ணுள்ள சுருட்டை அமுக்கிவந்தபோது பெரியவரின் விரல்கள் நின்றன. தலைப்பக்கத்திலிருந்து இரண்டு அங்குலம் கீழே ஓரிடத்தை மீண்டும் தடவினார். “இது இழுக்காது” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது மூக்கு. நெருப்பு வைக்குமுன் உடலை ஒருமுறையும் வெட்டிய அடிமுனையை ஒருமுறையும் முகர்தல் வேண்டும். நன்றாக நொதிக்காத இலையில் நவச்சார வாடை மூக்கைக் குத்தும். நன்றாகப் பழுத்த இலையிலோ பலவகை மணங்கள் தோன்றும். மேல்நாட்டு வல்லுநர்கள் கொக்கோ, மிளகு, சாதிக்காய், தோல், ஈரமண், மரம் என்றெல்லாம் அவற்றுக்குப் பெயரிடுகின்றனர். இலையில் அப்பொருள்கள் கலக்கப்படுவதில்லை. நொதிக்கும்போது இலையிலே விளையும் மணச்சத்துகள் அவற்றை நினைவூட்டுகின்றன, அவ்வளவே. மரமணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கியூபாவின் சுருட்டுப் பெட்டிகள் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தாற் செய்யப்படுகின்றன. அம்மணம் சுருட்டிலும் ஏறும்.

இங்கேதான் மாத்தளையின் சிறப்பு விளங்கிற்று. குளிர்நாட்டு வல்லுநர் புட்டியில் அடைத்த பொடியைக் கொண்டு மணங்களை அறிகிறார். பெரியவரோ வீட்டின் பின்புறம் சென்று ஒரு மிளகுக் கொத்தைப் பறித்து நசுக்கி, “இது பச்சை மிளகு. அந்தச் சுருட்டில் வருவது காய்ந்த மிளகின் தோல். இரண்டும் வேறு” என்று மருமகனுக்குக் காட்டினார். முற்றத்தில் உலரும் கொக்கோ விதையையும், புதிதாய் உடைத்த சாதிக்காயையும் முகரச் செய்தார். முகர்ந்தறிந்த பொருளுக்கே பெயர் சொல்ல இயலும். அறியாதவர் எல்லாவற்றையும் ‘நல்ல மணம்’ என்றே கூறுவார்.

நான்காவதாக, தலைப்பக்கத்தை வெட்டி, நெருப்பின்றியே ஒருமுறை இழுத்துப் பார்ப்பது. காற்று தடையின்றி, ஆயினும் சிறிதளவு எதிர்ப்புடன் வருதல் வேண்டும். இந்த நான்கு சோதனைகளுக்கும் நெருப்பு தேவையில்லை. “நெருப்பு வைக்கிறது கடைசி வேலை. பாதிக்கு மேல் தெரியவேண்டியது அதற்கு முன்னமே தெரிந்துவிடும்” என்றார் பெரியவர்.

நாளுக்கு ஒரு சுருட்டாக மூன்று நாட்கள், மாலையில் அதே வேளையில், அதே அளவு உணவுக்குப் பின்னர், மருமகனே பற்றவைத்தார். ஒரே நாளில் மூன்றையும் புகைத்தால் நா மரத்துப்போகும். பின்னது முன்னதனிலும் தாழ்ந்ததாகவே தோன்றும். மண்ணெண்ணெய் விளக்கிலே பற்றவைத்தால் எண்ணெய் நாற்றம் ஏறும்; ஆதலின் தீக்குச்சி, அதுவும் மருந்து எரிந்து தீர்ந்த பின்னர். நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் இழுத்தலாகாது. விரைந்தால் நெருப்புச் சூடேறிச் சுவை கசந்துவிடும். நெருப்புவளையம் சுற்றிலும் ஒரே மட்டமாக முன்னேறுகின்றதா, சாம்பல் உறுதியாக நிற்கின்றதா என்று கவனித்தோம். சுருட்டை மூன்று பங்காகப் பகுத்து, ஒவ்வொரு பங்கின் சுவையையும் தனித்தனியே குறித்தோம். முதற்பங்கிலே மென்மை, இரண்டாம் பங்கிலே நிறைவு, மூன்றாம் பங்கிலே காரம். எரியும் பகுதியிலிருந்து வரும் தாரும் நிக்கொட்டினும் எஞ்சிய இலையிலே படிந்துகொண்டே வருவதால், இறுதிப்பங்கு எப்போதும் கடுமையாகும்.

மூன்றாம் நாள் தாளை விரித்தேன். முதலாம் எண் சிறப்புச் சுருட்டு. அதுவே மிகுதியான புள்ளி பெற்றிருந்தது. மூன்றாம் எண் சாதாரணச் சுருட்டு. அது முதலாவதற்குச் சிறிதே தாழ்ந்தது. கடைசியாக நின்ற இரண்டாம் எண்ணும் அதே பெட்டியிலிருந்து எடுத்த சிறப்புச் சுருட்டே! பெரியவர் கூறியவாறே அது பாதியில் அடைத்துக்கொண்டது, ஒருபுறம் எரிய மறுபுறம் கருகாமல் நின்றது, இருமுறை அணைந்தது. மருமகன் முகம் வாடிற்று. “பட்டி சுருட்டுச் சுற்றுவதில்லை, ராசா. கைதான் சுற்றுது. கை ஒருநாள் சோரும்” என்றார் பெரியவர். இலை முதிர்ந்தது, விதி காக்கப்பட்டது, ஆயினும் ஒரு தொழிலாளியின் விரல் ஒருகணம் தவறியதை விலையால் ஈடு செய்ய இயலாது. கொடுத்த காசுக்குத் தகுமா என்ற வினாவுக்கு அதுவே விடை. சிறப்பு உண்டு, ஆனால் விலை உயர்ந்த அளவுக்கு உயர்ந்ததன்று.

நேயர்களே, ஒன்றை நான் இதுவரை கூறாதிருந்தேன். அம்மூன்று மாலையும் பெரியவர் ஒருமுறையேனும் சுருட்டை வாயில் வைக்கவில்லை. நெருப்பின்றி இழுத்துப் பார்த்ததும் மருமகனே. பெரியவருடைய பேச்சும் சற்றுக் குழறலாகவே இருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் அவருடைய நாவின் ஓரத்தில் ஒரு சிறு புண் தோன்றியது. வலியில்லாமையால் பல மாதங்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் மருத்துவர்கள் அதனைப் புற்றுநோய் எனக் கண்டு நாவின் ஒரு பகுதியை வெட்டி நீக்கினர். பதினெட்டு வயது தொடங்கிக் கடைக்கு வந்த ஒவ்வொரு கட்டிலும் ஒன்றைப் பற்றவைத்துத் தரம் பார்த்த நா அது. எஞ்சியவை கண்ணும், விரலும், மூக்கும்.

“நான் ஒருநாளும் புகையை உள்ளே இழுத்ததில்லை. அதனால் எனக்கு ஒன்றும் வராது என்றிருந்தேன்” என்று அவர் கூறினார். இந்த எண்ணம் பலரிடம் உண்டு. முன்னர் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன வேறுபாடு இங்கே உதவுகின்றது. சூடேற்றி உலர்த்திய சிகரெட் இலையின் புகை சற்று அமிலத்தன்மை உடையது. அதிலுள்ள நிக்கொட்டின் பெரும்பாலும் நுரையீரலை அடைந்தே இரத்தத்திற் கலக்கும். காற்றில் உலர்ந்து நொதித்த சுருட்டிலையின் புகையோ காரத்தன்மை உடையது. அதன் நிக்கொட்டின் வாயின் மென்தோல் வழியாகவே உடலிற் சேரும். உள்ளிழுக்காமலே சுருட்டு நிறைவு தருவதற்குக் காரணம் இதுவே. அப்புகையிலுள்ள நச்சுப் பொருள்கள் வாயிலும் தொண்டையிலும் படிந்து நிற்கின்றன. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றிற் புற்றுநோய் தோன்றச் சுருட்டுக் காரணமாகும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டிருக்கின்றது. ஒரு பெரிய சுருட்டிலுள்ள புகையிலை ஒரு பெட்டி சிகரெட்டில் உள்ளதற்கு ஈடாகலாம். தேயிலைச் சுவைஞர் உமிழ்ந்துவிட்டுப் போகலாம். சுருட்டின் சுவைஞர் முழுவதையும் உமிழ இயலாது.

1828ஆம் ஆண்டு ஜெர்மனியிலே ஹைடல்பேர்க் நகரில் இருவர் நிக்கொட்டினைப் புகையிலையிலிருந்து பிரித்தெடுத்தனர். அன்றுமுதல் அதன் நஞ்சை உலகம் அறியும். நம் நாடு 2003ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஏற்றது. 2006ஆம் ஆண்டின் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுத்ததோடு, 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் குற்றமாக்கியது. எனினும் நம் நாட்டு ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோயே முதலிடம் பெறுகின்றது. அதற்குச் சுருட்டைவிடப் பெரிய காரணம், வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கம். தோட்டப்புறங்களிலே காலையில் வேலைக்குப் புறப்படும்போதே மடியில் முடிந்துகொண்டு செல்லும் புகையிலைத் துண்டும் இந்த நச்சுச் செடியின் இலைதான்.

மூன்றாம் மாலையில், மருமகன் இறுதிப்பங்கை நெருங்கியபோது பெரியவர் கையை நீட்டி அதனை வாங்கிச் சாம்பற்கிண்ணத்தில் வைத்தார். “ஒரு சரக்குக்கு விலை எழுதினால் முழு விலையையும் எழுதவேணும். நீ பெட்டிக்குக் கொடுத்ததை மட்டும் எழுதியிருக்கிறாய்” என்றார். மருமகன் மறுமொழி கூறவில்லை. மீதியிருந்த சுருட்டுகளை அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவுமில்லை.

சுருட்டுச் சுற்றிய கைகளின் திறமையை மறுப்பார் யாருமிலர். நெருப்பின்றியே ஒரு சுருட்டின் நலந்தீங்கை எடுத்துரைத்த அந்த முதிய விரல்களை எண்ணுந்தோறும் எனக்கு மதிப்பு மிகுகின்றது. அத்திறமைக்கு அவர் கொடுத்த விலையை எண்ணும்போது மனம் கனக்கின்றது. இரண்டும் உண்மையே, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தல் முறையன்று.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். நேயர்களுள் புகைப்பவரோ புகையிலை மெல்பவரோ இருந்தால், இன்றிரவே கண்ணாடியின் முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். நாவின் ஓரத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெண்மையாகவோ செம்மையாகவோ திட்டு இருக்கிறதா, இரண்டு கிழமைக்கு மேலாகியும் ஆறாத புண் இருக்கிறதா என்று நோக்குங்கள். வலியில்லை என்று வாளாவிருக்க வேண்டாம். அரசாங்க மருத்துவமனையின் பல்வைத்தியரிடம் காட்டுங்கள். தொடக்கத்திற் கண்டுகொண்டால் நோயைத் தீர்க்க வழியுண்டு. பெரியவர் அந்தச் சில மாதங்களை வீணாக்காதிருந்தால், தம் தோட்டத்துச் சாதிக்காயின் சுவையை இன்றும் முழுமையாக அறிந்துகொண்டிருப்பார்.